குடத்தோடு நடந்த பஞ்சாயத்து

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் இறங்கிய பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் என்னை மலையாளி ஆக்கிவிட்டார்கள். முதலில் வெற்றிலைக் கடைக்காரர், அடுத்துக் குதிரைவண்டிக்காரர், கடைசியாகச் சாப்பாட்டுக் கடையில் இலை போட்டவர். “நான் யாழ்ப்பாணம். தமிழ்தான் கதைக்கிறன்” என்று இலை போட்டவரிடம் சொன்னேன். அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, “அண்ணே, இவரு கதையெல்லாம் சொல்லுவாராம்” என்று குரல் கொடுத்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சீரகச் சம்பாவில் ஆக்கிய ஆட்டுக்கறிச் சோறு வந்தது. அரிசி ஒவ்வொன்றும் எங்கள் ஊர்ச் சிவப்பரிசியில் கால்வாசிதான் இருக்கும். இவ்வளவு சின்ன அரிசி எப்படி வயிற்றை நிரப்பும் என்று முதலில் எண்ணினேன். இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டபோது அந்தச் சந்தேகம் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் யாழ்ப்பாணத்தில் பள்ளி ஆசிரியன். எங்கள் ஊர்க் கிராமச் சங்கத்தில் உறுப்பினனும்கூட. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் உள்ளூராட்சிக்காரர்களுக்குப் பத்து நாள் வகுப்பு நடக்கிறது, இலங்கையிலிருந்தும் ஓரிருவர் வரலாம் என்று கடிதம் வந்திருந்தது. ‘ஊராட்சி தன் வேலையைத் தானே மதிப்பிடுவது எப்படி’ என்பது பொருள். எங்கள் சங்கத்தில் வேறு ஒருவருக்கும் அதில் ஆசை வரவில்லை. எனக்கு வந்தது. ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துகிறவனுக்கு, தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற மாணவனைப் பார்க்க ஆசை இருக்காதா?

சின்னாளப்பட்டிக்குப் போன பஸ்ஸில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே எனக்கு இடம் கிடைத்தது. எதிரே இரண்டு நெசவாளர் வீட்டுப் பெண்கள் கன்னடம் மாதிரி ஒரு பேச்சில் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலிருந்தவரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். அவர் தயங்கிவிட்டு, “ஒண்ணுமில்ல. இந்த மனுசன் வேட்டி கட்டியிருக்கிற கட்டு ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்காதுங்கிறாக” என்றார். இறங்கும்வரை நான் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

வகுப்பில் ஒரு நீளமான படிவம் கொடுத்தார்கள். தெருவிளக்கு எத்தனை, கிணறு எத்தனை, குழாய் எத்தனை, சாலை எத்தனை மைல். ஒவ்வொன்றுக்கும் மார்க்கு. இரண்டு நாள் அதைப் படித்து, மூன்றாம் நாள் நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். “இதை யார் நிரப்புவது?”

“பஞ்சாயத்துச் செயலாளர்” என்றார் விரிவுரையாளர்.

“அது சரியோ பிழையோ எண்டு யார் பார்ப்பது?”

“தலைவர் கையெழுத்துப் போடுவார்.”

எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கதர்ச் சட்டை, உழுத கை. பெயர் பொன்னுச்சாமி. வத்தலக்குண்டுப் பக்கம், சேவுகம்பட்டிக்கு அப்பால் ஒரு சிறிய ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு அவரே கேட்டுக்கொண்டதால் நான் எழுதவில்லை.

“வாத்தியாரய்யா, எங்க ஊருக்கு வாங்க” என்றார் தேநீர் குடிக்கும்போது. “நாங்க வேற மாதிரி செய்யலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம். எங்களுக்கு நாங்களே மார்க்கு போட்டுக்கிறது. ஆனா வெளியாளு ஒருத்தரு கூட இருந்து பாக்கணும். நீங்க வெளியூரு என்ன, வெளிநாடே.”

வகுப்புக்காரர்களை மூன்று நாள் ஊர்களுக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொல்வது வழக்கமாம். நான் அந்த நிமிடமே என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸின் கூரை முழுவதும் மல்லிகைக் கூடைகள். நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகிற பூ. உள்ளே பூக்காரப் பெண்கள், கையில் பூவுக்குத் தெளிக்கத் தண்ணீர்ச் சொம்பு. பாதி வழியில் முன்பக்கம் புகை கிளம்பியது. ஓட்டுநர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்து, “தண்ணி கேக்குது” என்றார். சுற்றிலும் வெறும் மானாவாரிக் காடு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் நின்றால் பூ வாடும். சொம்பை இஞ்சினுக்கு ஊற்றினால் அப்போதும் பூ வாடும். பெண்கள் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, “ஊத்துங்கடி, செத்த நேரத்துல போய்ச் சேந்துரலாம்” என்று முதல் சொம்பைக் கவிழ்த்தாள். ஏழெட்டுச் சொம்பு குடித்தபின் பஸ் கிளம்பியது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் நடத்துநரைத் திட்டுவோம். இங்கே இரண்டு நிமிடத்தில் கணக்குப் பார்த்து முடிவெடுத்துவிட்டார்கள். கூடைகள் வாடாமல் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன.

பொன்னுச்சாமியின் ஊர் எனக்கு உடனே பிடித்துவிட்டது. மேற்கே கொடைக்கானல் மலை நீலமாக நிற்கிறது. கீழே வெங்காயம், மல்லிகை, தென்னை. மதியச் சாப்பாட்டின்போது அவர் மனைவி, “வெஞ்சனம் இன்னம் கொஞ்சம் வைக்கவா?” என்றார். “வெஞ்சனம் எண்டால்?” என்று விழித்தேன். அவர் அவரைக்காய்ப் பொரியலைக் காட்டினார். எங்களுக்குச் சோற்றோடு சேர்வதெல்லாம் கறிதான். அன்று அவர் வீட்டுக்கு வந்த இரண்டு விருந்தாளிகளுக்கும் ‘கறி’ என்ற சொல் என் வாயில் எப்படி வருகிறது என்று சொல்லிக்காட்ட வேண்டியதாயிற்று.

சாப்பிட்டதும் தலைவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதிய மேல்நிலைத் தொட்டியைக் காட்டினார். மோட்டார் கிணறு, தொட்டி, நாலு தெருவுக்கு நாலு குழாய். இரண்டு வருடம் அலைந்து வாங்கியது. சுண்ணாம்பு அடித்த அந்தத் தூண்களைத் தடவிக்கொண்டே பேசினார். மூன்றாம் நாள் ஒன்றிய ஆணையாளர் வருகிறார், வட்டாரத்தின் சிறந்த பஞ்சாயத்துக்கு வெள்ளிக் கேடயம், இந்த ஊருக்கே கிடைக்கும் என்று பேச்சு. படிவத்தைக்கூட நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். ‘குடிநீர்: எல்லாத் தெருவுக்கும் உண்டு.’

சாயங்காலம் பஞ்சாயத்துக் கட்டடத்தில் உறுப்பினர்கள் கூடினார்கள். ஞானம்மாளை அங்கேதான் முதலில் பார்த்தேன். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், பஞ்சாயத்தில் ஒரே பெண் உறுப்பினர். நாடி பார்த்த காலத்துக் கடிகாரம் இன்னும் மார்பில் தலைகீழாகக் குத்தியிருந்தது. ஊரே அவரை நர்சம்மா என்றது.

“குழாய எண்ண வேணாம்” என்றார் அவர். “குழாயி நிக்கிறது எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தெருவுலயும் கடைசி வீட்டுல இருந்து ஒரு குடத்த எடுத்துக்கிட்டுப் போயி, தண்ணி புடிச்சு, வீட்டுக்குள்ள கொண்டாந்து எறக்கி வைக்க எம்புட்டு நேரம் ஆகுதுன்னு பாப்போம். அதான் மார்க்கு. சொந்தத் தெருவ யாரும் பாக்கக் கூடாது. சீட்டுக் குலுக்குவோம்.”

என் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் வகுப்பில் கிடைக்காதது இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

சீட்டு எடுத்தார்கள். ஓடைக்கு அப்பால் இருக்கும் கீழத்தெரு தலைவருக்கு விழுந்தது. அறையில் ஒரு சின்ன அமைதி. அது தாழ்த்தப்பட்டவர்கள் குடியிருக்கும் தெரு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. எங்கள் ஊர்க் கூட்டத்திலும் சில தெருக்களின் பெயர் வந்தால் இதே அமைதி விழும்.

“குடத்த யாரு தூக்குறது?” என்றார் ஒரு உறுப்பினர்.

“சீட்டு விழுந்தவுக” என்றார் ஞானம்மாள்.

விடிந்ததும் கிளம்பினோம். மேலத்தெரு எட்டு நிமிடம். தெற்குத் தெரு பதினோரு நிமிடம். அந்தத் தெருவின் சீட்டு எனக்கு விழுந்திருந்தது. இடுப்பில் வைக்கத் தெரியாமல் வயிற்றோடு கட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் இறக்கியபோது முக்கால் குடம்தான் இருந்தது. “சிலோன் வாத்தியாருக்கு அரைப் பரீட்ச பாஸு” என்று ஒரு பெண் சொல்ல, தெருவே சிரித்தது. வடக்குத் தெரு ஒன்பது நிமிடம். ஞானம்மாள் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தார். பொன்னுச்சாமி முகத்தில் பெருமை வழிந்தது. எனக்கும்தான். ஒரு அரசாங்கம் தன் வேலையைத் தோளில் சுமந்து பார்க்கிறது என்று மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

பிறகு ஓடையைக் கடந்தோம்.

கடைசி வீடு மூக்காயி என்ற பெண்ணுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். வெங்காயக் காட்டில் கூலி வேலை. பித்தளைக் குடத்தோடு தலைவர் தன் வாசலில் நிற்பதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள். ஞானம்மாள் விளக்கிச் சொன்னார். மூக்காயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிங்கம்மா, வாங்க போவோம்” என்று தானும் ஒரு மண்குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தெருமுனையில் குழாய் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள்.

“ஏத்தா, குழாயி இங்கன இருக்கு” என்றார் தலைவர்.

“இருக்குங்கய்யா.” அவள் நிற்கவில்லை.

பொன்னுச்சாமி குழாயைத் திருகினார். ஒரு சொட்டும் இல்லை. வாய்க்குள்ளே குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அவர் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குடத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

வரப்பு, முள்ளு, மறுபடி வரப்பு. ஒரு தென்னந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பம்பு செட்டு. மோட்டார் ஓடினால் வாய்க்காலில் பிடித்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தோப்புக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்துதான் சுவிட்சைப் போடுவார். தலைவர் சொல்லியிருந்தால் யாராவது ஓடிப்போய்க் கூட்டிவந்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. பெண்களுக்குச் சற்றுத் தள்ளி, குடத்தை முன்னால் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார். “எப்ப இருந்து வரல?”

“பங்குனித் திருவிழா வந்துச்சுல்லங்கய்யா. அன்னிக்கிருந்து” என்றாள் மூக்காயி. அப்போது புரட்டாசி. நான் விரலை மடக்கி எண்ணினேன். ஆறு மாதம்.

“ஏன் வந்து சொல்லல?”

“சொன்னோம். ரெண்டு தடவ ஆபீசு வாசல்ல வந்து நின்னோம். ‘பாக்கலாம், போங்க’ன்னாக. அப்புறம் எங்களுக்குள்ளயே பேசிக்கிட்டோம். நம்ம தெருங்கிறதால மூடிட்டாக, அம்புட்டுத்தேன்னு.” அவள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மழை பெய்யாததைச் சொல்வது போலச் சொன்னாள்.

குடத்தை அவள் வீட்டுக்குள் இறக்கி வைத்தபோது ஞானம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி பத்து நிமிடம். தலைவரின் சட்டை தோளில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் நேரே தண்ணீர் திறந்துவிடும் ஆளிடம் போனார். வயதானவர், தொட்டிக்கடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“கீழத்தெருவுக்குத் தண்ணிய யாரு மூடுனது?”

“நாந்தேன்” என்றார் அவர் சாதாரணமாக. “நீங்கதானய்யா மூடச் சொன்னீக. திருவிழாவுக்கு ஒறம்பரை வந்திருக்காக, மேலத்தெருவுக்கு வேகமா வரணும், அந்தப் பக்கத்தக் கொஞ்சம் மூடுன்னு. தொறக்கச் சொல்லலையே.”

பொன்னுச்சாமிக்கு நினைவு வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. திருவிழா முடிந்தது, சொந்தக்காரர்கள் போனார்கள், அவர் குடியிருக்கும் மேலத்தெருக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மறந்துபோக அதுவே போதும். கிழவர் கையிலிருந்து ஸ்பானரைத் தானே வாங்கிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார். வால்வு குழியில் இறங்கி நாலு சுற்றுச் சுற்றினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கீழத்தெருக் குழாய் இருமியது. குளவிக்கூட்டு மண் தெறித்தது. முதலில் செங்காவியாக, பிறகு கலங்கலாக, பிறகு தெளிவாகத் தண்ணீர் கொட்டியது. பெண்கள் ஓடிவரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்து வந்தார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு, தண்ணீர் அள்ளத் துலா என்று நான் வகுப்பில் பெருமை அடித்திருந்தேன். கிணறு இல்லாத வீடுகளும் உண்டு, அவர்கள் எங்கே போய் அள்ளுகிறார்கள் என்று ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை என்பது அந்தக் குழாயடியில்தான் உறைத்தது.

அன்று பிற்பகல் கூட்டத்தில் படிவம் நடுவே கிடந்தது.

“இப்பத் தண்ணி வருதுல்ல” என்றார் தெற்குத் தெரு உறுப்பினர். “எல்லாத் தெருவுக்கும் உண்டுன்னு எழுதியிருக்கது நெசந்தான. அப்படியே இருக்கட்டும்.”

இரண்டு மூன்று தலைகள் ஆடின. ஞானம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “ஆறு மாசமாக் காய்ச்சல் அடிச்சு இன்னிக்குக் காலையில எறங்கிருச்சு. நோயாளி சீட்டுல, ஆறு மாசமும் காய்ச்சலே இல்லன்னு எழுதுவீகளா?”

“கேடயம் போயிரும், நர்சம்மா.”

“போயிரும்.”

தலைவர் என்னைப் பார்த்தார். “வெளியாளு நீங்க சொல்லுங்க.”

அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் நான். “நான் பார்க்கத்தான் வந்தனான்” என்றேன். “கையெழுத்துப் போடச் சொன்னால், பார்த்ததுக்குத்தான் போடுவன்.”

பொன்னுச்சாமி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவைத் திறந்து, ‘எல்லாத் தெருவுக்கும் உண்டு’ என்பதை ஒரே கோட்டில் அடித்தார். கீழே எழுதினார்: ‘கீழத்தெருவுக்கு ஆறு மாதம் இல்லை. காரணம், தலைவரின் உத்தரவும் மறதியும்.’ செயலாளர், “மறதிங்கிறத விட்டுறலாமே” என்று முணுமுணுத்தார். தலைவர் விடவில்லை. எங்களிடம் தாளை நகர்த்தினார். நானும் ஞானம்மாளும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. ஆணையாளர் இளவயதுக்காரர், நல்ல மனிதர். தொட்டியைப் பார்த்தார், தெருவிளக்கைப் பார்த்தார், தலையாட்டினார். படிவத்தில் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். இரண்டு தடவை படித்தார்.

“இதை எதுக்கு எழுதினீங்க? இப்போ தண்ணி வருது. இது யாருக்கும் தெரியப்போறதில்லையே.”

“கீழத்தெருவுல அம்பது வீடு இருக்குங்கய்யா” என்றார் பொன்னுச்சாமி. “அம்புட்டுப் பேருக்கும் தெரியும்.”

ஆணையாளர் படிவத்தை மடித்து வைத்தார். இந்த வரி இருக்கும்வரை தன்னால் சிபாரிசு செய்ய முடியாது என்றார். மெதுவாகத்தான் சொன்னார். தலைவர் எழுந்து கும்பிட்டார். ஜீப் போனபின் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தெற்குத் தெருக்காரர் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். பொன்னுச்சாமியின் கை பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. என் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. என்ன சொல்லி ஆறுதல் படுத்துவது என்று தெரியாமல் நான் சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. மூக்காயி. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள். வாசற்படிக்கு வெளியே கொஞ்சம் நின்றாள். ஞானம்மாள் கூப்பிடவில்லை, தலைவரும் கூப்பிடவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. அவளாகவே படியேறி உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

“தண்ணி வருதுங்கய்யா” என்றாள்.

“சந்தோசம்” என்றார் தலைவர், தலை நிமிராமல்.

“சந்தோசத்தச் சொல்ல வரல. குழாயடியில சிந்துற தண்ணி போறதுக்கு வழியில்ல. தெருவுக்குள்ள தேங்குது. ரெண்டு நாள்ல கொசு வந்துரும். வாய்க்கா வெட்டணும். அதுக்கும் ஒரு மார்க்கு உண்டுல்ல, அதையும் எழுதுங்க.”

பின்னாலிருந்த ஒருத்தி, “வெளக்கும் எரியல” என்றாள். இன்னொருத்தி, “அத இரு, பெறகு சொல்லுவோம்” என்றாள். “இல்ல, இப்பவே சொல்லு” என்றார் ஞானம்மாள்.

ஆறு மாதம் வாசலைத் தாண்டாத தெரு, ஐந்து பேராக மேசையைச் சூழ்ந்து நின்று ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. பொன்னுச்சாமி ஒரு புதிய தாளை எடுத்தார். அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் தொட்டியடியில்கூடப் பார்க்கவில்லை.

“ஒவ்வொண்ணாச் சொல்லுங்க” என்றார். “மொதல்ல உக்காருங்க.”

மூக்காயி சுற்றிலும் பார்த்தாள். ஜீப்பில் வந்தவர் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் காலியாக இருந்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாய்க்கால் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்குப் பஸ் வரும் நேரம் நெருங்கிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.